மெத்தைத் தாவரங்கள்: டயபென்சியாவின் இசைவாக்கம்



"தாவரங்களின் இசைவாக்கம்" என்றதும் உங்களில் பலருக்கு மூன்று பெயர்கள் நினைவுக்கு வரும். வறண்ட நிலத்துக்குக் கள்ளி, சேற்று நிலத்துக்குக் கண்டல், நீருக்குத் தாமரை. இம்மூன்றையும் பாடமாக்கிக் கொண்டு வருவோர், அறியாத தாவரம் ஒன்றின் படத்தைத் தந்து "இதன் இசைவாக்கங்கள் இரண்டினை விளக்குக" என்று கேட்டால் பேனாவைக் கீழே வைத்து விடுகின்றனர். பெயர் தெரியாத தாவரத்தையும் அதன் அமைப்பைப் பார்த்தே விளக்கப் பழகுவதற்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. சில காலத்துக்கு முன் வினாயகபுரத்தில் மாலை வகுப்பு ஒன்றில், குளிர்ப் பிரதேசத் தாவரங்களுக்கும் மெழுகு படிந்த தடித்த இலைகள் உண்டு என்று குறிப்புச் சொல்லிக் கொண்டிருந்தேன். பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "பனி எண்டா தண்ணிதானே டீச்சர்? சுத்திவரத் தண்ணி கிடக்கக்குள்ள அது ஏன் தண்ணியச் சேமிக்கணும்?" என்று கேட்டாள். நான் கலைப் பட்டதாரி. குறிப்பில் இருந்தது எனக்குத் தெரியும். அதன் காரணம் அன்று தெரியவில்லை. "அடுத்த வகுப்பில் சொல்கிறேன்" என்று சமாளித்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தேடினேன். தேடும்போது அறிமுகமான தாவரந்தான் டயபென்சியா. அந்த மாணவியின் வினாவுக்கான விடை இக்கட்டுரையின் நடுவில் வருகிறது. அதுவரை நீங்களும் சிந்தித்துப் பாருங்கள்.

1. டயபென்சியா: பாகுபாடும் பரம்பலும்

டயபென்சியா என்பது ஓர் இனத்தின் பெயரன்று. ஒரு சாதியின் பெயர். இச்சாதியில் நான்கு இனங்கள் அளவில் உள்ளன. இவை எல்லாம் தரையோடு தரையாக, மெத்தை போல அடர்ந்து வளரும் என்றும் பச்சையான குறுஞ்செடிகள். பூண்டு போலத் தோன்றினாலும் தண்டின் அடிப்பகுதி மரத்தன்மை கொண்டது.

பாகுபாடு:
இராச்சியம் – தாவரம்
பிரிவு – பூக்கும் தாவரம், இருவித்திலை
வருணம் – எரிக்கேலெசு
குடும்பம் – டயபென்சியேசியே
சாதி – டயபென்சியா

பழைய நூல்களில் இக்குடும்பம் தனி வருணமாகவே வைக்கப்பட்டிருந்தது. 1998 இல் வெளியான புதிய பாகுபாட்டின் பின்னர் எரிக்கேலெசு வருணத்துள் சேர்க்கப்படுகிறது. இந்த வருணத்தின் மற்ற உறுப்பினர் சிலரை நீங்கள் நன்கு அறிவீர்கள். மலையகத்துத் தேயிலை, ஹோட்டன் சமவெளியில் சிவப்பாகப் பூக்கும் ரொடொடென்ட்ரன், நம் பகுதிக் காடுகளில் பழுக்கும் பாலை, கோயில் வீதிகளில் நிற்கும் மகிழ மரம் ஆகிய யாவும் இதே வருணத்தைச் சேர்ந்தவை. ஆகவே டயபென்சியா நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. தூரத்து உறவு என்று சொல்லலாம்.

இனங்கள்:

(i) டயபென்சியா லப்போனிக்கா: சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1732 இல் வடதுருவத்தை அண்டிய லப்லாந்துப் பகுதியில் பயணம் செய்தார். 1753 இல் அவர் வெளியிட்ட நூலில் இத்தாவரம் இப்பெயரால் இடம்பெற்றுள்ளது. பெயரின் இரண்டாம் சொல் லப்லாந்தைக் குறிக்கும். வட ஐரோப்பா, கிறீன்லாந்து, வட அமெரிக்கா, வட ஆசியா, யப்பானின் உயர் மலைகள் என வடதுருவத்தைச் சுற்றி இது பரந்துள்ளது.

(ii) டயபென்சியா இமாலயிக்கா: இமயமலையின் கிழக்குப் பகுதியில், இந்தியாவின் சிக்கிம் போன்ற இடங்களிலும் பூட்டானிலும் அவற்றை அடுத்த திபெத்து, யுனான் பகுதிகளிலும் ஏறத்தாழ 3000 முதல் 5000 மீற்றர் வரை உயரத்தில் வளர்வது. நமக்கு மிக அருகில் உள்ள இனம் இதுவே.

(iii) டயபென்சியா பேர்ப்யூரியா: தென்மேற்குச் சீன மலைகளில் வளர்வது; பெயர் காட்டுவது போலவே ஊதா கலந்த பூக்களை உடையது.

(iv) டயபென்சியா வார்டியை: தென்கிழக்குத் திபெத்தைச் சேர்ந்தது; தாவரங்களைத் தேடி அம்மலைகளில் அலைந்த கிங்டன் வார்ட் என்பவரின் பெயரைக் கொண்டது.

இமய இனத்துக்குப் பெயரிட்டவர்கள் ஹூக்கர், தொம்சன் ஆகிய இருவர். ஹூக்கர் 1848, 1849 ஆம் ஆண்டுகளில் சிக்கிம் மலைகளில் ஏறித் தாவரங்களைச் சேகரித்தவர். தொம்சன் கல்கத்தாத் தாவரவியற் பூங்காவுக்குப் பொறுப்பாக இருந்தவர். ஹூக்கருக்கு இலங்கையுடனும் தொடர்பு உண்டு. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த திரைமன் இலங்கைத் தாவரங்கள் பற்றிய பெருநூலை எழுதி முடிக்குமுன் 1896 இல் காலமானார். எஞ்சிய இரு தொகுதிகளையும் முடித்து 1900 ஆம் ஆண்டளவில் நூலை நிறைவு செய்தவர் இதே ஹூக்கர்தான்.

2. வாழிடம் எப்படிப்பட்டது?

கடல் மட்டத்திலிருந்து உயரச் செல்லச் செல்ல 1000 மீற்றருக்குச் சராசரியாக 6.5 பாகை செல்சியசு வீதம் வெப்பநிலை குறையும். இதனை நாமே கணித்துப் பார்ப்போம்.

கல்முனைக் கரையின் வெப்பநிலை 28 பாகை எனக் கொள்க. நுவரெலியாவின் உயரம் ஏறத்தாழ 1870 மீற்றர். எனவே குறையும் அளவு ஏறத்தாழ 12 பாகை. நுவரெலியாவின் வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை. இது உண்மையான சராசரிக்கு மிகக் கிட்டியது. இதே கணக்கின்படி 4000 மீற்றரில் 26 பாகை குறைந்து 2 பாகையே எஞ்சும். இமயம் நம்மைவிட வடக்கே இருப்பதால் அங்கு இதைவிடவும் குளிர் அதிகம். இலங்கையின் மிக உயர்ந்த பீதுருதலாகலை மலையே 2524 மீற்றர்தான். ஆகவே டயபென்சியா வாழும் குளிர் நமது நாட்டில் எங்கும் இல்லை.

குளிர் மட்டுமல்ல, காற்றும் உண்டு. லப்போனிக்கா இனம் வளரும் இடங்களுள் ஒன்று ஐக்கிய அமெரிக்காவின் வொஷிங்டன் மலை. அதன் உச்சியில் 1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 372 கிலோமீற்றர் வேகக் காற்று அளவிடப்பட்டது. 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நிமிர்ந்து நின்ற தென்னைகள் எல்லாம் எவ்வாறு வீழ்ந்தன என்று சொல்வார்கள். அப்படிப்பட்ட காற்று ஆண்டில் பலமுறை வீசும் பாறை முகட்டைத்தான் இச்செடி தன் வீடாகக் கொண்டுள்ளது.

3. புற அமைப்பு

உயரம்: சில சென்ரிமீற்றர் மட்டுமே. 15 சென்ரிமீற்றரைத் தாண்டுவது அரிது.
தண்டு: பல கிளைகளாகப் பிரிந்து நெருங்கி, அரைக்கோள வடிவான மெத்தையை ஆக்கும்.
இலை: சிறியது, ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் நீளம், தோல் போலத் தடித்தது, மெழுகுப் பளபளப்பு உடையது, ஆண்டு முழுவதும் உதிராதது.
பூ: ஒரு காம்பில் ஒரு பூ, 5 அல்லிகள் அடியில் இணைந்திருக்கும், 5 கேசரங்கள், சூலகம் 3 அறைகளைக் கொண்டது. லப்போனிக்காவின் பூ பெரும்பாலும் வெள்ளை. இமாலயிக்காவின் பூ வெள்ளை முதல் இளஞ்சிவப்பு வரை.
கனி: 3 அறைகளைக் கொண்ட வெடிகனி, உள்ளே நுண்ணிய வித்துகள்.

4. இசைவாக்கங்கள்

இனிதான் முக்கிய பகுதி. ஒவ்வொன்றிலும் அமைப்பு, அது செய்யும் தொழில், அதனால் தாவரம் பெறும் நன்மை ஆகிய மூன்றையும் பிரித்துப் படியுங்கள்.

(அ) குட்டையான உருவம்

தரையை உரசிச் செல்லும் காற்று உராய்வினால் வேகம் குறைகிறது. தரைக்கு மேலே சில சென்ரிமீற்றர் உயரத்தில் காற்று ஏறத்தாழ அமைதியாக இருக்கும். கடற்கரையில் காற்று பலமாக வீசும் நாளில் நின்று பாருங்கள், பிறகு மணலில் படுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். டயபென்சியா இந்த அமைதியான படைக்குள் வாழ்கிறது. ஆகவே கிளைகள் முறிவதில்லை; வெப்பமும் ஈரமும் காற்றோடு அள்ளிச் செல்லப்படுவதில்லை.

(ஆ) அரைக்கோள மெத்தை வடிவம்

சுடுசோற்றைத் தட்டில் பரப்பினால் விரைவில் ஆறிவிடும். அதே சோற்றை உருண்டையாகப் பிடித்து வைத்தால் நெடுநேரம் சூடாக இருக்கும். சோற்றின் அளவு ஒன்றுதான். காற்றுப் படும் மேற்பரப்பு மட்டுமே குறைந்தது. டயபென்சியாவும் தன் கிளைகளை உருண்டையாகத் திரட்டி மேற்பரப்பைக் குறைத்துக் கொள்கிறது. இத்தகைய மெத்தைத் தாவரங்களின் உட்புறம் வெயில் வேளைகளில் வெளிக் காற்றைவிட 10 பாகை செல்சியசுக்கு மேலும் கூடுதலான வெப்பநிலையை அடைவதுண்டு. குளிர் நாட்டில் ஒளித்தொகுப்புக்கு இந்தப் பத்துப் பாகை பெரும் செல்வமாகும்.

(இ) தடித்த, மெழுகு படிந்த இலை

இங்குதான் அந்த மாணவியின் வினாவுக்கு விடை உள்ளது. தாவரத்தின் வேர் திரவ நீரை மட்டுமே உறிஞ்சும்; பனிக்கட்டியை உறிஞ்சாது. மாரி காலத்தில் மண்ணில் உள்ள நீர் முழுதும் உறைந்து கிடக்கும். ஆனால் மேலே வெயில் எறிக்கும். வறண்ட காற்று வீசும். இலை நீரை இழந்துகொண்டே இருக்கும். வரவு இல்லை, செலவு மட்டும் உண்டு. சுற்றிவர நீர் இருந்தும் தாவரத்தால் அதைப் பயன்படுத்த முடியாத இந்த நிலை உடலியல் வறட்சி எனப்படும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பனி உண்மையில் ஒரு போர்வை. ஆழமான பனிக்கு அடியில் உள்ள தாவரங்களுக்குக் கடுங்குளிரும் காற்றும் படுவதில்லை. டயபென்சியா வளரும் முகடுகளிலோ பலத்த காற்று பனியை அள்ளிச் சென்றுவிடுகிறது. போர்வை பறிக்கப்பட்ட நிலையில் மாரி முழுவதையும் கழிக்க வேண்டும். ஆகவேதான் ஆவியுயிர்ப்பைக் குறைக்கும் சிறிய, தடித்த, மெழுகு படிந்த இலை அதற்கு உயிர்காப்பாக அமைகிறது.

நமது களப்பு ஓரக் கண்டல் தாவரங்களின் இலையும் தடித்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அங்கு நீர் உப்பாக இருக்கிறது. இங்கு நீர் உறைந்து இருக்கிறது. காரணம் வேறு, தாகம் ஒன்று.

(ஈ) இலையின் நிறமாற்றம்

மாரி காலத்தில் லப்போனிக்காவின் பச்சை இலைகள் கருஞ்சிவப்பாக மாறும். இலை இறந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். கடுங்குளிரில் ஒளித்தொகுப்பு ஏறத்தாழ நின்றிருக்கும்போது, பயன்படுத்த முடியாத ஒளி இலையைச் சேதப்படுத்தும். சிவப்பு நிறப்பொருள் இந்த ஒளியைத் தடுக்கும் திரையாகப் பயன்படுகிறது. கோடையில் இலை மீண்டும் பச்சையாகும்.

(உ) முன்கூட்டியே உருவாகும் மொட்டு

இப்பிரதேசங்களில் கோடை சில வாரங்களே. அதற்குள் பூத்து, மகரந்தச்சேர்க்கை நடந்து, கனியாகி, வித்துப் பரம்ப வேண்டும். அதனால் இந்த ஆண்டு பூக்க வேண்டிய மொட்டு சென்ற கோடையிலேயே உருவாகி, மாரி முழுவதும் இலைகளுக்கிடையே காத்திருக்கும். குளிர் விலகியதும் பூ விரியும். பரீட்சை அறிவித்த பிறகு படிப்பவர், ஆண்டுத் தொடக்கத்திலேயே படித்தவர் இருவரில் டயபென்சியா இரண்டாமவர்.

பூத்த பின்னர் காம்பு மேலும் நீண்டு கனியை மெத்தைக்கு மேலே உயர்த்தும். வாழ்நாள் முழுவதும் காற்றிலிருந்து ஒளிந்திருக்கும் தாவரம், வித்தைப் பரப்பும்போது மட்டும் காற்றின் உதவியை நாடுகிறது.

(ஊ) உதிர்ந்த இலைகளின் சேமிப்பு

இறந்த இலைகள் மெத்தைக்குள்ளேயே தங்கி உக்கும். பாறை முகட்டில் நல்ல மண் இல்லை. ஆனால் மெத்தைக்குள் ஈரமும் ஊட்டமும் கொண்ட மண் மெல்ல மெல்ல உருவாகிறது. மெத்தைத் தாவரங்கள் பலவற்றின் மீது வேறு தாவரங்களின் வித்துகள் விழுந்து முளைப்பதும் உண்டு. தனக்கு அமைத்த வீட்டில் பிறருக்கும் இடம் கொடுக்கும் தாவரம் இது.

5. நமது கடற்கரையில் ஓர் ஒப்பீடு

டயபென்சியாவைப் பார்க்க நம்மால் சிக்கிமுக்குப் போக முடியாது. ஆனால் வினாயகபுரம் கடற்கரைக்குப் போக முடியும். அங்கு அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் மணலோடு படிந்து வளர்கின்றன.

அடம்பன் கொடி: படரும் தண்டு, கணுக்கள்தோறும் வேர், தடித்த இலை. வெப்பம், உப்புக் காற்று, நகரும் மணல் ஆகியவற்றைத் தாங்கும்.
டயபென்சியா: திரண்ட தண்டு, மெத்தை வடிவம், தடித்த சிறிய இலை. குளிர், பனிக் காற்று, உறைந்த மண் ஆகியவற்றைத் தாங்கும்.

ஒற்றுமை: இரண்டும் உயரத்தைத் துறந்து காற்றை வென்றவை, இரண்டும் நீரிழப்பைக் குறைக்கும் இலையைக் கொண்டவை.
வேற்றுமை: அடம்பன் பரந்து படரும், டயபென்சியா உருண்டு திரளும். முதலாவதற்குச் சூட்டைக் காக்க வேண்டிய தேவை இல்லை. இரண்டாவதற்கு அதுவே முதல் தேவை.

"அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று நம்மவர் சொல்வார்கள். அந்தப் பழமொழியை உள்ளபடியே வாழ்ந்து காட்டுவது இந்த மலைச்செடிதான். தனிக் கிளை ஒன்று அந்தக் குளிரில் ஒரு மாரியைத் தாண்டுவதே கடினம். நூற்றுக்கணக்கான கிளைகள் நெருங்கி நிற்பதால் பல பத்தாண்டுகள் நிலைக்கின்றன.

6. ஒருங்கும் கூர்ப்பு

மெத்தை வடிவம் டயபென்சியாவுக்கு மட்டும் உரியதன்று. தென் அமெரிக்க அந்தீசு மலைகளில் வளரும் அசொரெல்லாவும் பெரிய பச்சை மெத்தையாகத் தோன்றும். அது கொத்தமல்லி, வல்லாரை ஆகியவற்றின் குடும்பம். இமயத்தின் மிக உயரத்தில் வளரும் அரெனேரியா இன்னொரு குடும்பம். உறவற்ற தாவரங்கள், ஒரே மாதிரியான சூழலில், ஒரே மாதிரியான வடிவத்தை அடைவது ஒருங்கும் கூர்ப்பு எனப்படும். சுறாவும் டொல்பினும் வேறு வேறு வகுப்பைச் சேர்ந்தவையாக இருந்தும் ஒத்த உடல் வடிவம் கொண்டிருப்பது இதற்கு விலங்குலக உதாரணம்.

7. மாணவர் விடும் பிழைகள்

பிழை 1: "குளிரைத் தாங்க வேண்டும் என்பதற்காக டயபென்சியா தன்னைக் குட்டையாக்கிக் கொண்டது." தாவரம் எண்ணிச் செயற்படுவதில்லை. முன்னோரிடையே உயரமானவையும் குட்டையானவையும் இருந்தன. இவ்வேறுபாடுகள் தலைமுறைக்குக் கடத்தப்பட்டன. உயரமானவை காற்றிலும் குளிரிலும் அழிந்தன. குட்டையானவை தப்பி அதிக வித்துகளை விட்டுச் சென்றன. இதுவே இயற்கைத் தேர்வு. (மேலே நானும் பேச்சு வழக்கில் "திரட்டிக் கொள்கிறது" என்று எழுதியுள்ளேன். விளங்குவதற்கு அது போதும், விடைத்தாளுக்குப் போதாது.)

பிழை 2: "இலை தடித்தது" என்று மட்டும் எழுதி நிறுத்துவது. இது அமைப்பு மட்டுமே. தொழிலும் நன்மையும் இல்லாவிட்டால் விளக்கம் ஆகாது.

பிழை 3: சாதியையும் இனத்தையும் மாற்றி எழுதுவது. டயபென்சியா சாதி, டயபென்சியா இமாலயிக்கா இனம்.

8. இன்றைய ஆபத்து

மெத்தைத் தாவரங்கள் மிக மெதுவாக வளர்பவை. ஒரு பெரிய மெத்தை நூறாண்டைத் தாண்டியதாகவும் இருக்கக்கூடும். மலையேறுபவர் ஒருவரின் பாதணி ஒரு கணத்தில் அதைச் சிதைத்துவிடும். ஸ்கொட்லாந்தில் 1951 இல் கிளென்ஃபினன் அருகே ஒரு மலை முகட்டில், பறவை பார்க்கப் போன ஒருவரின் கண்ணிற் பட்ட பின்னரே இத்தாவரம் அந்நாட்டில் உண்டு என்பது தெரிய வந்தது. அவ்வளவு சிறிய இடத்தில் ஒதுங்கி வாழும் கூட்டங்களும் உள்ளன.

பெரிய ஆபத்து புவி வெப்பமடைதல். சூழல் வெப்பமாகும்போது கீழே உள்ள உயரமான செடிகள் மேலே ஏறி வருகின்றன; அவற்றின் நிழலில் மெத்தைத் தாவரம் வாழ முடியாது. தானும் மேலே போகலாம் என்றால், முகட்டுக்கு மேலே மலை இல்லை. கடல் ஏறினால் பின்வாங்க நிலமற்ற கரையோரக் கிராமத்துக்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை என்பதை நம் பகுதி மாணவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

9. மாதிரி வினாவும் விடையும்

வினா: மலை முகட்டில் வளரும் தாவரமொன்று 5 சென்ரிமீற்றர் உயரமும் அரைக்கோள வடிவமும் மெழுகு படிந்த சிறிய இலைகளும் கொண்டது. அதன் இசைவாக்கங்கள் இரண்டினை விளக்குக.

விடை:
(1) தாவரம் குட்டையாகவும் அரைக்கோள வடிவாகவும் உள்ளது (அமைப்பு). காற்றுப் படும் மேற்பரப்பு குறைவதால் வெப்ப இழப்புக் குறைகிறது (தொழில்). குளிரான சூழலிலும் ஒளித்தொகுப்புக்கு ஏற்ற வெப்பநிலை பேணப்படுகிறது (நன்மை).
(2) இலைகள் சிறியனவாகவும் மெழுகுப் படை உடையனவாகவும் உள்ளன (அமைப்பு). ஆவியுயிர்ப்பு வீதம் குறைகிறது (தொழில்). மண்ணீர் உறைந்துள்ள காலத்திலும் தாவரம் வாடாது தப்புகிறது (நன்மை).

பயிற்சி வினாக்கள்

1. உடலியல் வறட்சி என்றால் என்ன? கண்டல் சூழலிலும் மலை முகட்டிலும் அது ஏற்படும் காரணங்களைத் தனித்தனியே தருக.
2. கடல் மட்ட வெப்பநிலை 28 பாகை செல்சியசு எனின், 3000 மீற்றர் உயரத்தில் எதிர்பார்க்கப்படும் வெப்பநிலையைக் கணிக்குக.
3. ஒருங்கும் கூர்ப்பை இரு தாவர உதாரணங்களுடன் விளக்குக.
4. உங்கள் ஊர்க் கடற்கரையில் காணும் ஒரு தாவரத்தை நேரில் அவதானித்து, அதன் மூன்று இசைவாக்கங்களை அமைப்பு, தொழில், நன்மை என்ற ஒழுங்கில் எழுதுக.

நான்காம் வினாவுக்கு விடை எந்தக் கையேட்டிலும் இல்லை, மணலில்தான் இருக்கிறது. ஒரு மாலையில் போய்க் குனிந்து பாருங்கள். "ஏன்" என்று ஒரு கேள்வி தோன்றினால் வகுப்பில் எழுந்து கேளுங்கள். ஆசிரியருக்கு உடனே விடை தெரியாமற் போனாலும் பரவாயில்லை. இருவருமாகத் தேடிக் கொள்ளலாம். இக்கட்டுரையும் அப்படி எழுந்ததுதான்.